வெறுங்கையாகப் பிழைப்பது எப்படி: மந்திர ராஜ்ஜிய ஆட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

மாதத்தில் இரண்டு ஞாயிறு, மதியச் சாப்பாடு முடிந்து மூன்று மணிக்கு, மயிலாப்பூரில் ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடிக் கொட்டகையில் உட்காருவோம். ரோல் பிளே ஆட்டம், அதாவது ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடும் கதை. மந்திரசக்தி உள்ளவர்களை ‘வரத்தார்’ என்போம், இல்லாதவர்கள் ‘வெறுங்கை’. ராஜ்ஜியம் வரத்தாருடையது. ஆடுகிற நால்வரும் வெறுங்கை. அது வெளியே தெரிந்தால் முதலில் வேலை போகும், பிறகு வீடு, பிறகு ஆளே காணாமல் போவார். ஐந்து அமர்வு உயிரோடு இருந்தால் எல்லை தாண்டலாம்.

கதையை நகர்த்துபவரை நடத்துநர் என்கிறோம். “டிக்கெட் கேப்பாரா?” என்று புதியவர்கள் சிரிப்பார்கள். முதல் சோதனைச் சாவடி வந்ததும் சிரிப்பு நின்றுவிடும்.

நான் ஆடியும் இருக்கிறேன், நடத்தியும் இருக்கிறேன். புதிதாக வருகிற எல்லோரும் ஏறக்குறைய ஒரே பள்ளங்களில்தான் விழுகிறார்கள். அதனால் அந்தப் பள்ளங்கள் வருகிற வரிசையிலேயே எழுதியிருக்கிறேன். வரிசையை மாற்றாதீர்கள், ஒவ்வொரு படியும் முந்தைய படியின் மேல்தான் நிற்கிறது.

1. உட்காரும் முன்

ஆறு பக்கப் பகடை இரண்டு, நாற்பது பக்க நோட்டு ஒன்று, பென்சில், அழிப்பான். பேனா வேண்டாம், இந்த ஆட்டத்தில் நிறைய அழிக்க வேண்டிவரும். வீட்டில் தாயக்கட்டை இருக்கிறதே என்று ஒருவர் கொண்டுவந்தார். அதில் நான்கு முகம்தான், எங்கள் கணக்கு அதில் நிற்காது.

நோட்டின் முதல் பக்கத்தில் 0 முதல் 10 வரை ஒரு கோடு போடுங்கள். அதுதான் சந்தேகக் கணக்கு. தப்பாக ஒன்று சொன்னால் ஏறும், தேவையில்லாத இடத்தில் நின்றால் ஏறும். பத்தைத் தொட்டால் இரவில் கதவு தட்டப்படும். இறங்குவது அபூர்வம்.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் நான் யாரையும் உட்கார வைப்பதில்லை. ஒதுக்கப்படுவதை விளையாட்டாக ஆடுகிறோம். மேஜையில் இருக்கிற ஒருவருக்கு அது விளையாட்டாக இல்லாமல் இருக்கலாம். யாராவது உள்ளங்கையை மேஜை மேல் விரித்து வைத்தால் அந்தக் காட்சி அங்கேயே முடிந்தது. ஏன் என்று கேட்கக் கூடாது. டீ போடப் போகலாம்.

2. சட்டத்தை முதலில் கேளுங்கள்

புதியவர்கள் ஆளை, அதாவது தாங்கள் ஆடப்போகும் பாத்திரத்தை, உருவாக்கிவிட்டுத்தான் உலகத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். நடத்துநரிடம் நான்கு கேள்வி: எப்போது சோதிக்கிறார்கள், யார் சோதிக்கிறார்கள், காட்டிக்கொடுத்தால் என்ன கிடைக்கும், ஊர் விட்டு ஊர் போக என்ன சீட்டு வேண்டும்.

எங்கள் ராஜ்ஜியத்தில் பன்னிரண்டு வயதில் தீபச் சோதனை. நெருப்பில்லாமல் திரியை ஏற்ற வேண்டும். ஏற்றாத பிள்ளையின் பெயர் பதிவேட்டில் ஏறும். பெயர் ஏறியவர் இரவில் ஊர்ச் சாவடியில் முகம் காட்ட வேண்டும், சீட்டு இல்லாமல் ஊர் தாண்டக் கூடாது.

இதில் கற்பனை கொஞ்சம்தான். சில சமூகங்களைப் பிறப்பாலேயே குற்றவாளிகள் என்று முத்திரை குத்தி ஆங்கிலேயர்கள் 1871ல் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911க்குப் பிறகு சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்தது. கைரேகை வைத்துப் பதிவு, இரவில் ஆஜர், வெளியூர் போக ராதாரிச் சீட்டு. 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டி பக்கத்துப் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. எங்கள் நடத்துநர் சாவடியை அமைத்ததே இதைப் படித்துவிட்டுத்தான். நான்கு பேரும் சேர்ந்து பதிவேட்டை எதிர்ப்பது என்று நீங்கள் முடிவெடுத்தால் அவர் தடுக்க மாட்டார். என்ன விலை என்பதை மட்டும் தெரிந்துகொண்டு எடுங்கள்.

ஆடுகிறவருக்கு இதில் உள்ள பாடம் வேறு. இப்படிப்பட்ட ஆட்சியின் பலம் காவலாளியின் கண்ணில் இல்லை, காகிதத்தில் இருக்கிறது. காவலாளிக்குத் தூக்கம் வரும், பசி வரும், மறதி வரும். பதிவேட்டுக்கு எதுவும் வராது. பதிவேடு இருக்கும் கட்டடத்தின் பக்கம் எந்தக் காரணத்துக்காகவும் போகாதீர்கள். அதைத் திருடி எரிக்கலாம் என்று ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் கிளம்புவார். ஊர்ச் சாவடியில் அதற்கு ஒரு பிரதி இருக்கிறது.

3. ஆளை உருவாக்கும் வரிசை

புதியவர் நோட்டில் முதலில் எழுதுவது பெயர். அடுத்தது ஆயுதம். சில சமயம் ஆயுதத்துக்கும் ஒரு பெயர்.

சரியான வரிசை: தொழில், தப்பித்த கதை, உறவு, பெயர். பொருள் கடைசி.

தொழில் ஏன் முதலில்? ஒரு நாளில் எந்தத் தெருவில், எந்த நேரத்தில், யார் முன்னால் நிற்கிறீர்கள் என்பதைத் தீர்மானிப்பது அதுதான். வரத்தாருக்குத் தேவைப்படுகிற, ஆனால் வரத்தார் கையால் தொட விரும்பாத வேலையை எடுங்கள். கிணறு தூர் வாருவது, மூட்டை தூக்குவது, வண்ணான்துறை, பிரசவம் பார்ப்பது. பிரசவம் பார்க்கிற பாட்டியாக ஆடிய ஒரு அக்கா எங்கள் மேஜையில் சந்தேகம் மூன்றைத் தாண்டாமலே எல்லை கடந்தார். நள்ளிரவில் எந்தத் தெருவிலும் அவரால் போக முடிந்தது. வழிமறித்த காவலாளியே வழிவிட்டான், அவன் வீட்டிலும் ஒருத்தி மாசமாக இருந்தாள்.

தவிர்க்க வேண்டிய தொழில்கள்: வீரன், திருடன், பாடகன். மூன்று பேரையும் ஊர் திரும்பிப் பார்க்கும்.

தப்பித்த கதை என்பது பன்னிரண்டு வயதுச் சோதனையில் உங்கள் ஆள் எப்படித் தேறினார் என்பது. யாரோ ஒருவர் பின்னாலிருந்து உங்களுக்காகத் திரியை ஏற்றியிருக்க வேண்டும். அது அத்தையா, பக்கத்து வீட்டுக்காரரா, காசு வாங்கிய சோதனையாளரா? பதில் எதுவானாலும் உங்கள் ரகசியம் தெரிந்த முதல் ஆள் அவர். அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று எழுதாமல் விட்டால் நடத்துநர் எழுதிவிடுவார், உங்களுக்குப் பிடிக்காத இடத்தில்.

4. மூன்றாவது கேள்வி

வழிகாட்டியில் ஒரே பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

“உனக்கு மந்திரம் வருமா?” என்று சாவடியில் யாரும் கேட்பதில்லை. கேள்விகள் இப்படித்தான் வரும்:

“எந்த ஊருப்பா?”

“கீழூருங்க.”

“கீழூர்ல எந்தத் தெரு?”

“கோயில் பின்னாடிங்க.”

“கோயில் பின்னாடி யாரு வீடு?”

அந்த மூன்றாவது கேள்வியில்தான் ஆள் சாகிறார். முதல் இரண்டுக்கும் எல்லோரும் ஏதோ ஒரு பொய் வைத்திருப்பார்கள். மூன்றாவதற்கு அந்த நொடியில் கற்பனை செய்வார்கள். தயங்கினால் சந்தேகம் இரண்டு ஏறும். நாளைக்கு இன்னொருவரிடம் வேறு பதில் சொன்னால் மூன்று.

இந்த ஊரில் வாடகை வீடு தேடி அலைந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. “சொந்த ஊர் எது தம்பி?”, “அங்க எந்தப் பக்கம்?”, “சாப்பாடெல்லாம் எப்படி?” என்று சுற்றி வளைத்து வீட்டு ஓனர் எங்கே வருகிறார் என்பது அவர்களுக்கு இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும். எங்கள் மேஜையில் அதிக நாள் பிழைத்தவர்கள் பகடை நன்றாக விழுந்தவர்கள் இல்லை, அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் பழகியவர்கள். அப்படி ஒரு கேள்வியை வாழ்க்கையில் சந்தித்தே இராத ஒரு தம்பி, நன்றாகப் படித்தவர், புத்திசாலி, மூன்று அமர்வில் மூன்று ஆளை இழந்தார். “இதெல்லாம் ஏன் கேக்கறாங்க?” என்று அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். மேஜையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

செய்ய வேண்டியது இது. உங்கள் பொய் முக்கால்வாசி உண்மையாக இருக்கட்டும். நீங்கள் நிஜமாக அறிந்த ஒரு தெருவையே கீழூராக்கிக்கொள்ளுங்கள். பாட்டி வீட்டுத் தெருவானால் எத்தனையாவது கேள்விக்கும் பதில் வரும்: முனையில் யார், அடுத்து யார், எந்த வீட்டு நாய் கடிக்கும். மாற்றுவது ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும், அதாவது திரியை ஏற்றியது யார் என்பது மட்டும்.

இரண்டாவது கேள்வி முடிந்ததும் பேச்சை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். “கோயில் பின்னாடிங்க, ஐயா அந்தப் பக்கம் வந்திருக்கீங்களா? போன மழைக்கு குளம் ஒடஞ்சுதே” என்று மூன்றாவது கேள்விக்கு முன்னால் அவரைப் பேச வைத்துவிட்டால் பாதிக் காவலாளிகள் தங்கள் ஊர்க் கதைக்குப் போய்விடுவார்கள். ஆனால் ஒரு வரிக்கு மேல் நீட்டாதீர்கள். கேட்காததற்கு விளக்கம் சொல்கிறவரை யாரும் நம்புவதில்லை.

நான்கு பேரும் ஒரே ஊர் என்று சொல்லப் போகிறீர்கள் என்றால், ஆட்டத்துக்கு முன் நால்வரும் ஒரே தெருப்படம் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் வந்த குழுவில் ஒருவர் கோயிலுக்குக் கிழக்கே குளம் என்றார், இன்னொருவர் மேற்கே என்றார். இரண்டு பேரைத் தனித்தனியாக நிறுத்திக் கேட்க நடத்துநருக்கு ஐந்து நிமிடம் போதும்.

5. மந்திரம் மாதிரி காட்டும் ஆசை

எல்லோருக்கும் வருகிற யோசனை: மந்திரம் இல்லாவிட்டால் என்ன, தந்திரம் இருக்கிறதே.

பள்ளியில் ‘மந்திரமா தந்திரமா’ நிகழ்ச்சி பார்த்தவர்கள் உடனே பொட்டாசியம் பர்மாங்கனேட்டும் கிளிசரினும் கேட்பார்கள். கலந்தால் தானாகத் தீப்பிடிக்கும், உண்மைதான். எங்கள் நடத்துநர் அதை அனுமதிக்கிறார், ஆனால் அதன் குணத்தோடு அனுமதிக்கிறார். உடனே பற்றாது, சில நொடி எடுக்கும். குளிர் நாளில் இன்னும் தாமதம். தூள் பொடியாக இருந்தால் சீக்கிரம், கட்டியாக இருந்தால் மெதுவாக. கையை உயர்த்தி நிற்கிற உங்களுக்கு அந்த நொடிகள் யுகம்.

அது பற்றிக்கொண்டாலும் பிரச்சினை தீரவில்லை. “நல்லது. இந்த ஈரத் திரிய ஏத்து” என்பார் சோதனையாளர். ஒரு முறை ஏமாற்றியவர் இனி ஒவ்வொரு முறையும் ஏமாற்ற வேண்டும். அதோடு ஒரு விஷயம்: பதிவேட்டில் இல்லாத வெறுங்கை பிடிபட்டால் பெயர் ஏறும், போலி வரத்தார் பிடிபட்டால் கழுத்து போகும். சட்டத்தில் இரண்டும் வெவ்வேறு குற்றம்.

நாம் பிழைப்பது சோதனையில் தேறி இல்லை. சோதிக்க வேண்டும் என்ற எண்ணமே யாருக்கும் வராதபடி இருந்துதான். இது புரிந்துவிட்டால் மீதிப் படிகள் எல்லாம் சுலபம்.

6. வட்டம்: மூன்று பேர், மூன்று துண்டு

தனியாகப் பிழைக்க முடியாது. “இவர் நம்ம ஆளுதான்” என்று சொல்ல ஒருவர் வேண்டும், அவர் வரத்தாராக இருப்பது நல்லது. சாவடியில் அந்த ஒரு வாக்கியம் எங்கள் விதிப்படி பகடையில் மூன்று கூட்டித் தரும். வேறெந்தப் பொருளும் அவ்வளவு தராது, வாளும்தான்.

ஆனால் யாருக்கும் முழுக் கதை தெரியக் கூடாது. ஒருவருக்கு நீங்கள் வெறுங்கை என்று தெரியும், எங்கே தூங்குகிறீர்கள் என்று தெரியாது. இன்னொருவருக்கு இடம் தெரியும், காரணம் தெரியாது. மூன்றாமவர் உங்கள் காசை வைத்திருப்பார், அவ்வளவுதான். ஒருவரைப் பிடித்து அடித்தாலும் வெளிவருவது ஒரு துண்டு. நம்பிக்கை இல்லாமல் இப்படிச் செய்யச் சொல்லவில்லை. தெரியாததைச் சொல்லும்படி யாரையும் அடிக்க முடியாது, அதனால் இது அவர்களுக்கும் பாதுகாப்பு.

புதியவர்கள் செய்யும் தவறு: முதல் அமர்விலேயே அன்பாகப் பேசுகிற டீக்கடைக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டுவது. ராஜ்ஜியத்தில் காட்டிக்கொடுப்பவருக்கு ஒரு வருஷ வரி தள்ளுபடி. டீக்கடைக்காரர் கெட்டவராக இருக்க வேண்டியதே இல்லை, அவர் மகளுக்குக் கல்யாணம் இருந்தால் போதும்.

7. வழி

எங்கள் தலைநகர வரைபடம் சென்னை ஜார்ஜ் டவுனைப் பார்த்துப் போட்டது. கடலோரம் கோட்டை, கோட்டைக்கு எதிரே வெட்டவெளி, அதற்கப்பால் நெருக்கமான வணிகத் தெருக்கள். நிஜத்திலும் 18-ம் நூற்றாண்டில் கோட்டையை ஒட்டி இந்தியர்கள் வசித்த பழைய கறுப்பர் நகரத்தை ஆங்கிலேயர்கள் இடித்து வெட்டவெளியாக்கினார்கள். பீரங்கிக்கு எதிரே மறைப்பு எதுவும் இருக்கக் கூடாது என்பது காரணம். இன்று அங்கே உயர் நீதிமன்றம் நிற்கிறது.

வெட்டவெளி என்றால் பார்க்கப்படுவதற்கென்றே விட்ட இடம். புதியவர்கள் பென்சிலை எடுத்து அதன் குறுக்கே நேர்கோடு போடுவார்கள், தூரம் குறைவு என்று. தெருக்களுக்குள் சுற்றிப் போனால் இரண்டு மடங்கு நேரம், ஆனால் உங்களைப் போல நூறு பேர் போய்க்கொண்டிருப்பார்கள்.

முடிந்தால் ஆட்டத்துக்கு முன் ஒரு நாள், சரக்கு இறங்குகிற நேரத்தில், மின்ட் தெருவிலும் காகிதக் கடைகள் இருக்கும் ஆண்டர்சன் தெருவிலும் நடந்து பாருங்கள். மீன்பாடி வண்டி ஓட்டுபவரின் முகம் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? தலையில் பண்டலோடு “வழி, வழி” என்று கத்திக்கொண்டு போனவருடையது? நீங்கள் ஒதுங்கினீர்கள், பண்டலைப் பார்த்தீர்கள், முகத்தைப் பார்க்கவில்லை. சுமை இருப்பவரை யாரும் நிறுத்துவதில்லை, நிறுத்தினால் பின்னால் தெருவே நின்றுவிடும். ஆட்டத்தில் வெறுங்கையோடு நடக்காதீர்கள் என்று நான் சொல்வது இதைத்தான். காலி மூட்டையாவது இருக்கட்டும்.

இப்போது கணக்கு. சாதாரணச் சாவடியில் இரண்டு பகடை சேர்ந்து 5 அல்லது அதற்கு மேல் விழுந்தால் தப்பிக்கலாம். 36ல் 30 வாய்ப்பு, அதாவது ஆறுக்கு ஐந்து. தெம்பாகத்தான் இருக்கும். ஆனால் ஒரே நாளில் நான்கு சாவடி கடந்தால் நான்கிலும் தப்பிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 48தான், பாதிக்கும் கீழே. கோட்டை வாசலில் 8 வேண்டும். அது 36ல் 15. ஒவ்வொரு சாவடியையும் தனித்தனியாகப் பார்த்து “இது ஈஸி” என்று போகிறவர்கள் நான்காவதில் மாட்டுகிறார்கள். முதலில் சாவடிகளை எண்ணுங்கள், பிறகு கிளம்புங்கள். பெரும்பாலும் நல்ல முடிவு, இன்று போகாமல் இருப்பது.

8. சாப்பாடு, காசு

பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் கூலிக்காரர் கையில் பொற்காசு கேள்வியை இழுக்கும். கடன் வாங்காதீர்கள், கடன்காரர் வீடு தேடி வருவார். ஒரே கடையில் தினமும் சாப்பிடுங்கள். ஊர் ஆள் என்று தோன்ற அதைவிட மலிவான வழி இல்லை.

9. பிடிபட்டால்

வாளை உருவாதீர்கள். எதிரே இருப்பவர் கை அசைத்தால் உங்கள் வாள் உருகும், அதற்குப் பகடைகூடக் கிடையாது.

பிடிபட்டவருக்கு மூன்று சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் நடத்துநர் ஒரு கேள்வி கேட்பார். உங்கள் வேலை வெளியே இருக்கும் மற்ற மூவருக்கும் நேரம் வாங்கித் தருவது. ஏற்கெனவே சொன்ன பொய்யையே அதே வார்த்தையில் திரும்பச் சொல்லுங்கள், மெருகேற்றாதீர்கள். பெயர் கேட்டால் செத்துப்போனவர் பெயரைச் சொல்லலாம் என்பார்கள் சிலர். எங்கள் நடத்துநர் பதிவேட்டில் இறப்பையும் எழுதி வைப்பவர், பார்த்துச் செய்யுங்கள்.

வெளியே இருப்பவர்களுக்கு: மீட்கப் போகாதீர்கள். முதலில் இடம் மாறுங்கள், பிறகு மூட்டை கட்டுங்கள், அதற்குப் பிறகுதான் மீட்பதைப் பற்றிப் பேச்சு. பாசத்தில் மற்ற மூவரும் சாவடிக்கு ஓடிப் போய் ஒரே மாலையில் ஆட்டம் முடிந்த ஞாயிறுகள் உண்டு. நாலரை மணிக்கே பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனோம்.

10. கிளம்பும் எண்

முதல் அமர்விலேயே, சந்தேகம் பூஜ்யமாக இருக்கும்போது, ஒரு எண்ணை எழுதிவிடுங்கள்: இதைத் தொட்டால் எல்லையை நோக்கிக் கிளம்பிவிடுவேன். நான் 6 வைப்பேன். எட்டில் கிளம்பலாம் என்பவர்கள் கிளம்புவதே இல்லை, எட்டு வரும்போது பத்துக்கு ஒரு தவறுதான் பாக்கி.

இதை ஏன் முன்னாலேயே எழுத வேண்டும் என்றால், ஆறு வரும்போது உங்களுக்கு ஒரு வீடு இருக்கும், கடைக்காரர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், வட்டத்தில் ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் இருக்கும். கிளம்ப மனசு வராது. அந்தத் தயக்கம் வருவதற்கு முன்னால் நீங்கள் எழுதி வைத்த எண்தான் உங்களை எழுப்பும்.

எண்ணை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, அந்தப் பக்கத்தை மடித்து, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் காட்டி வையுங்கள். அழிப்பான் அவரிடமே இருக்கட்டும்.